வீடு திரும்பும் பலா

உலகளந்தவன் தன் திருவடியை எங்கே ஊன்றினான் என்று யாராவது கேட்டால், கருக்கன்மலையின் மக்கள் சற்றும் தயங்காமல் தங்கள் ஊரைத்தான் காட்டுவார்கள். ஏனென்றால் மலையுச்சியில், ஒரு பெரிய குதிகால் அழுந்தினாற்போன்ற பள்ளத்தில், மேல்சுனை என்னும் அவர்களுடைய ஊர் இருக்கிறது, ஊரின் நடுவே கரியபெருமாள் என்று அவர்கள் கைகூப்பும் கறுத்த கல் இருக்கிறது, கல்லைச் சுற்றி வீடுகள், வீடுகளைச் சுற்றிப் பலாமரங்கள், மரங்களைச் சுற்றி மேகம், மேகத்துக்கும் கீழே, அரைநாள் இறக்கத்தில், அவர்களை ‘மலையான்கள்’ என்று அழைத்து அவர்கள் பேச்சைக் கேட்டுச் சிரிக்கும் சமவெளிக்காரர்களின் சந்தை இருக்கிறது. அந்த மலையின் பலாச்சுளையை ஒருமுறை வாயிலிட்டவர் அதன் பிறகு சர்க்கரையைக் கசப்பு என்று சொல்லத் தலைப்படுவார். ஆயினும் இவ்வளவு தித்திப்புக்கும் சொந்தக்காரர்கள் மழைக்காலம் முழுவதும் பலாக்கொட்டையை அவித்துத் தின்று பசியாறினார்கள் என்பதைச் சமவெளியில் எவரும் விசித்திரமாக நினைக்கவில்லை. பழங்கள் பறந்ததைத்தான் விசித்திரம் என்றார்கள்.

மலைக்குச் சாலை இல்லை. ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒரு சாலை வாக்களிக்கப்பட்டது. வாக்களிக்கப்பட்ட சாலைகளை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக விரித்திருந்தால் அவை மலையேறிப் பெருமாளின் கல்லைச் சுற்றிவந்து மறுபக்கம் இறங்கியிருக்கும். மரங்கள் அவர்கள் நட்டவை, மண் மட்டும் காட்டு இலாகாவுடையது என்று சொல்லப்பட்டது. ஆகவே அந்த மண்ணைக் காட்டி எந்த வங்கியிலும் எதையும் கேட்க முடியாது. இவை எல்லாவற்றையும்விட, அவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. பிறர் வாசலில் இறக்கி வைத்ததை மறுபடி தூக்கக் கூடாது. இறக்கி வைத்தாலே கொடுத்ததாகிவிட்டது, கொடுத்ததைத் தூக்குவது களவு. மேல்சுனையில் ஒருத்தி அடுத்த வீட்டு வாசலில் ஒரு கூடைச் சாமையை இறக்கினால், மறுநாள் அவள் வாசலில் அதைவிடப் பெரிய கூடையில் தேனோ கிழங்கோ வந்து இறங்கும். விலை என்னும் சொல்லே வேண்டியிருக்கவில்லை. மலைமேல் அறமாக இருந்த அதே வழக்கம், மலையடியில் வறுமையாக மாறியது. மண்டிக்காரர் நாகலிங்கம் பக்திமான், நெற்றி நிறையத் திருநீறு, கோயில் தேருக்கு வடம் வாங்கிக் கொடுத்தவர். மலைக்காரர்களை அவர் ஒருநாளும் அடித்ததில்லை, ஏசியதும் அபூர்வம். அவர் செய்ததெல்லாம், அவர்கள் தலைச்சுமையைத் தம் மண்டி வாசலில் இறக்கி வைக்கும்வரை வாயைத் திறக்காமல் இருந்து, இறக்கியபின் விலையைச் சொன்னது மட்டுமே.

இப்படியாக இருந்து வருகையில், ஒரு சித்திரை மாதத்தில், உருவி என்பவள் தன் வீட்டு மரத்தின் பழங்களில் ஒன்றைத் தலையிலும் ஒன்றை முதுகுக் கூடையிலும் சுமந்து இறங்கி, மண்டி வாசலில் வைத்து, கொஞ்சம் உப்பும் ஒரு துண்டு சோப்பும் வாங்கும் அளவுக்குக் காசு பெற்று, அதைத் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்தபடி மலையேறிக்கொண்டிருந்தாள். பாதி வழியில் தலைக்குமேல் நிழல் விழ, அண்ணாந்து பார்த்தாள். தன் பழங்கள் இரண்டும் காம்பை முன்னால் நீட்டிக்கொண்டு, அவசரமில்லாமல், மேய்ச்சல் முடிந்த எருமைகளைப் போல ஒன்றையொன்று இடித்தபடி மலையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. “ஏய், இருங்க, நானும் வர்றேன்” என்று கூவினாள். அவை நிற்கவில்லை.

அவள் வீடு வந்தபோது கணவன் சடையன் கூடை முடைந்தபடி வாசலில் உட்கார்ந்திருந்தான்.

“பழமெல்லாம் அப்பவே வந்துட்டுது. உன்னத்தான் இன்னும் காணலயேன்னு பாத்துக்கினு இருந்தேன்.”

“எங்க போய் உக்காந்துச்சு?”

“அதது காம்புல போய் ஒட்டிக்கிச்சு. சின்னது மட்டும் தடுமாறிச்சு, நான்தான் கை குடுத்தேன்.”

உருவி மரத்தடிக்குப் போய்ப் பார்த்தாள். உண்மைதான். தாயி என்று அவள் பேரிட்டு அழைத்த அந்தப் பெருமரத்தின் அடித்தண்டில், அன்று காலை அவள் அரிவாளால் அறுத்த இடத்திலேயே, பழங்கள் இரண்டும் ஒன்றும் நடவாததுபோலத் தொங்கிக்கொண்டிருந்தன. அவளுக்கு ஆச்சரியம் வரவில்லை, வெட்கம்தான் வந்தது. கொடுத்த பொருள் திரும்பி வந்துவிட்டது. ஊரார் முகத்தில் எப்படி விழிப்பது?

மறுநாள் பொழுது விடிந்ததும் அதே பழங்களை மீண்டும் அறுத்துச் சுமந்துபோய் மண்டி வாசலில் இறக்கினாள்.

“ஐயா, எங்க பழம் தப்பு பண்ணிட்டுது. மன்னிச்சுக்கோங்க.”

“தப்பு பண்ணது பழமா, நீயா?” என்றார் நாகலிங்கம். “யாரும் பாக்காதப்ப வந்து தூக்கிக்கிட்டு ஓடிட்டு, இப்ப மன்னிப்பு வேறயா?”

“எல்லாரும் பாக்கத்தாங்க போச்சு. டீக்கடை ரகமத்து அக்காகூடக் கையாட்டுச்சாம்.”

அன்று மாலையும் அவை திரும்பிவிட்டன. அடுத்த சந்தையில் மற்றவர்களின் பழங்களும் திரும்பின. மலைக்காரர்களோ நாணயம் தவறாதவர்கள். திரும்பிய பழங்களை மறுபடி சுமந்து இறங்கி, மன்னிப்புக் கேட்டு, இறக்கி வைத்துவிட்டு ஏறினார்கள். ஏறும்போதே பழங்கள் அவர்களை முந்திக்கொண்டு போயின. நாகலிங்கம் பழங்களைச் சங்கிலியால் கட்டினார், சங்கிலியோடு போயின. கிடங்கில் பூட்டினார், ஓட்டுக்கூரையை மெல்ல, ஒரு ஓடும் உடையாமல், குடை திறப்பதுபோல் நிமிர்த்திக்கொண்டு போயின. கடைசியில், சந்தை கலைவதற்குள்ளாகவே லாரியில் ஏற்றிப் பட்டணத்துக்கு அனுப்பிவிட்டார். நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடியில், பொழுது சாயும் வேளையில், வரிசையில் நின்றிருந்த அந்த லாரி முதலில் முன்சக்கரங்களை உயர்த்தியது, பிறகு பின்சக்கரங்களையும் உயர்த்தியது, பிறகு ஓட்டுநரும் உதவியாளும் முருகன் படமும் எலுமிச்சம்பழமுமாகச் சேர்ந்து தடுப்புக்கட்டைக்கு மேலே ஆனந்தமாக மிதந்து சென்றது. சாவடிக்காரன் பழக்கதோஷத்தால் கையை வானத்தை நோக்கி நீட்டினான், ஓட்டுநரும் பழக்கதோஷத்தால் குனிந்து காசைக் கொடுத்தான். தார்ப்பாய் அவிழ்ந்ததும் பழங்கள் ஒவ்வொன்றாக விடுபட்டு மேற்கே கிளம்பின, லாரி ஒரு புளியமரத்தடியில் பூப்போல இறங்கியது. தடுப்புக்கு மேலே போன வண்டிக்குக் கட்டணம் உண்டா இல்லையா என்ற விவாதம் அந்தச் சாவடியில் இன்னும் முடிந்தபாடில்லை.

மனிதர்கள் எதற்கும் பழகிவிடுவார்கள், அருளுக்கும் பழகிவிடுவார்கள். பழங்கள் திரும்பும் நேரத்துக்கு மேல்சுனைப் பெண்கள் வேலையை முடித்துக்கொண்டு மரத்தடியில் சொம்பில் தண்ணீரோடு நின்றார்கள், தூரத்திலிருந்து வருபவருக்குக் கால் கழுவத் தண்ணீர் தர வேண்டும், பழத்துக்குக் கால் இல்லையே என்பதால் அடிப்பாகத்தில் ஊற்றினார்கள். வரும் வழியில் கிளைகள் உரசாதிருக்கக் கிளைகளை வளைத்துக் கட்டினார்கள். வழிதவறி அடுத்தவர் மரத்தில் ஒட்டிக்கொண்ட பழத்தை அந்த வீட்டாரே விருந்தினர்போல ஒருநாள் வைத்திருந்து, மஞ்சள் பூசிச் சொந்த மரத்துக்கு வழியனுப்பினார்கள். அடிவாரத்திலோ, பழங்கள் கடக்கும் வேளையை வைத்துத் தொழிற்சாலை ஊழியர்கள் வேலை முடிந்ததாக எழுந்தார்கள், பேருந்து நடத்துநர்கள் பயணிகளிடம் தலையை உள்ளே இழுத்துக்கொள்ளச் சொன்னார்கள், ஒரு கல்யாண ஊர்வலத்தின் மேல் பழங்கள் வரிசையாகச் சென்றதைக் கண்டு மணமகளின் தாயார் இதைவிடப் பெரிய ஆசீர்வாதம் வேறென்ன என்று தெருவிலேயே விழுந்து வணங்கினாள், அதுமுதல் அந்த வட்டாரத்தில் முகூர்த்தமெல்லாம் மாலைநேரத்துக்கு மாறியது, ஆளுங்கட்சிக்காரர் இது தங்கள் அரசின் சாதனை என்றார், எதிர்க்கட்சிக்காரர் பழங்களே வெளிநடப்புச் செய்கின்றன என்றார். காகங்கள் மட்டும் மனக்கசப்போடு இருந்தன. அவற்றின் வழியை அவற்றைக் கேளாமலே பழங்கள் எடுத்துக்கொண்டிருந்தன.

பறக்கும் பழங்கள் இருக்கும் ஊர் இன்னும் ஏழையாக இருக்கிறதே என்று தலைநகரிலிருந்து ஒரு குழு காரணம் ஆராய வந்தது. தொப்பியணிந்த தலைவர் ஒருவரும் அவருக்கு நிழல்போல இரண்டு உதவியாளர்களும் மூச்சிரைக்க மலையேறி வந்து, ஊர்த்தலைவரான ஊராளி குள்ளப்பனைக் கல்லின் முன்னால் உட்காரவைத்துக் கேட்டார்கள். குள்ளப்பன் எதையும் மறுத்துப் பழகாதவர். முன்னால் வைத்ததை ஏற்றுக்கொள்வதுதான் அவருக்குத் தெரிந்த மரியாதை.

“உங்க வறுமைக்குக் காரணம் குடிப்பழக்கம்னு சொல்லலாமா பெரியவரே?”

“சொல்லுங்க சாமி.”

“படிப்பறிவு இல்லாதது?”

“அதும் இருக்குதுங்க. போட்டுக்குங்க.”

“பிள்ளைங்க அதிகம்?”

“எனக்குப் புள்ளையே இல்லீங்க. ஆனா போட்டுக்குங்க, ஊருக்கு ஆவும்.”

“சோம்பல்?”

இதைக் கேட்டதும், சற்றுத் தள்ளிச் சாமை புடைத்துக்கொண்டிருந்த பெண்கள் முறத்தைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்கள். உருவிதான் முதலில் வாய்விட்டாள்: “ஏன் சித்தப்பா, முந்தாநேத்தும் நேத்தும் அந்த ஒத்தப் பழத்தயே தூக்கிக்கினு மலை எறங்குனியே, அதுக்குப் பேரு சோம்பலா?”

“அதனாலதான் மவளே இன்னிக்குச் சோம்பலா இருக்குது” என்றார் குள்ளப்பன், பெருந்தன்மையோடு. “போட்டுக்குங்க சாமி.”

அந்த நேரத்தில் ஒரு நடுத்தரமான பழம் குழுத்தலைவரின் தொப்பியை ஒட்டித் தாழ்ந்து சென்றது. ஒரு பெண் “கொஞ்சம் நகந்துக்குங்க ஐயா, வழியில இருக்கீங்க” என்றாள். அவர் எழுத்திலிருந்து கண்ணை எடுக்காமலே நகர்ந்து உட்கார்ந்து, அடுத்த கேள்வியைக் கேட்டார். அந்தி சாய்ந்ததும் குழு எல்லாக் காரணங்களோடும் இறங்கிப் போயிற்று.

வழியில் ஒருநாள் நடந்த சிறிய செயலிலிருந்துதான் பழங்களின் சுபாவம் தெரியவந்தது. சந்தை முனையில் டீக்கடை வைத்திருக்கும் ரகமத்து பீவியின் மகள் தலைச்சன் பிள்ளைக்குச் சூல்கொண்டு தாய்வீடு வந்திருந்தாள். உருவியின் தலையிலிருந்த பழத்தின் வாசனை தெருவுக்குள் நுழைந்ததுமே அந்தப் பெண் கடைவாசலுக்கு வந்து நின்றுவிட்டாள், ஒன்றும் கேட்கவில்லை, கண்ணை மட்டும் மூடி மூச்சை இழுத்தாள். உருவி அந்த முகத்தைப் பார்த்தாள். பழத்தை அப்படியே கடை மேசையில் இறக்கி, “தின்னு கண்ணு, உள்ள இருக்கறதுக்கும் சேத்துத் தின்னு” என்று சொல்லிவிட்டு, வெறுங்கையோடு, பாட்டு ஒன்றை முனகிக்கொண்டே மலையேறினாள். அந்தப் பழம் திரும்பவில்லை. அன்றும் வரவில்லை, மறுநாளும் வரவில்லை; காம்பு காய்ந்து, அந்த இடத்தில் புதுப்பிஞ்சு வைத்தது.

“அப்படின்னா கேளு” என்றாள் ரகமத்து பீவி, அடுத்த சந்தையன்று எல்லோர் காதிலும் விழும்படி. “மனசாரக் குடுத்தா தங்குது. மனசில்லாம குடுத்தா உங்களுக்கு முன்னாடி வூட்டுக்குப் போயிடுது. பழத்துக்குத் தெரியுது, உங்களுக்குத் தெரியல.”

முதலை வாயில் சிக்கிய ஆனைக்காக ஓடிவந்தவன் அந்தப் பெருமாள். வாய்விட்டு அழைக்கத் தெரிந்த ஆனைக்கு ஓடி வந்தான், அழைக்கவும் தெரியாதவர்களுக்காக ஒருவேளை இப்படி வந்தானோ என்னவோ. நாகலிங்கத்துக்கு இந்த ஆராய்ச்சியில் நாட்டமில்லை. செய்தி காதில் விழுந்ததும் அவர் முகம் மலர்ந்தது. “இவ்வளவுதானா? அப்ப மனசாரக் குடுங்க!” என்றார். விலையை மாற்ற வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை; மனத்தை மாற்றினால் போதுமே.

மலைக்காரர்கள் மெய்யாகவே முயன்றார்கள். இறக்கி வைக்கும்போது சிரித்தார்கள், பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்கள், ஒருவன் மனைவியை விட்டு அக்குளில் கிச்சுக்கிச்சு மூட்டச் சொல்லிச் சிரித்தான், பழங்கள் திரும்பின. நாகலிங்கம் தம் செலவில் ஒரு உபந்நியாசகரை டோலியில் ஏற்றி மலைக்கு அனுப்பிவைத்தார். போதும் என்னும் மனத்தின் மேன்மையை அவர் தேனொழுக எடுத்துரைத்தார், மக்கள் கண்ணீர் மல்கக் கேட்டார்கள், ஆசை அற்றால் துன்பம் அற்றது என்று ஒருவர் கையை ஒருவர் பற்றிக்கொண்டார்கள். மறுநாள் அவர்கள் விற்ற பழங்கள் மண்டியிலேயே அடக்கமாக இருந்தன, நாகலிங்கம் கற்பூரம் ஏற்றினார், பிற்பகலில் மேல்சுனையில் பசியெடுக்கும் நேரம் வந்ததும் பழங்கள் எழுந்து போய்விட்டன. உபந்நியாசகருக்குச் சம்பாவனையாக மண்டியிலிருந்து கொடுத்த பழமும் அவருடைய பையையும் குடையையும் மாற்றுவேட்டியையும் கூட்டிக்கொண்டு கிளம்பிற்று. போதும் என்கிற சொல் உண்டவன் வாயில்தான் ருசிக்கும். அதைப் பசித்தவனுக்குப் பரிமாறியது அந்த நல்ல மனிதரின் பிழை. அவர் வேட்டி தாயியின் உச்சிக்கிளையில் பலநாள் கொடிபோலப் பறந்தது.

அதன்பின் நாகலிங்கம் தாமே குள்ளப்பனைத் தம் மண்டிக்கு வரவழைத்தார். சந்தனப் பொட்டு வைத்து, மோர் கொடுத்து, உட்காரவைத்துப் பேசினார்.

“நான் காசு குடுத்த பொருள் எல்லாம் ஒங்க மரத்துலதான் தொங்குது. இதுக்கு என்ன பேரு ஊராளி?”

குள்ளப்பன் தலையைக் குனிந்தார். “களவுதாங்க.”

“நான் போலீசுக்குப் போகப்போறதில்ல. எம்பொண்ணு வீட்டுக்குக் கதவு, நெலை எல்லாம் செய்யணும். அந்த உருவி வீட்டு மரத்தக் குடுத்துடுங்க, எல்லாத்தையும் மறந்துடலாம். அனுமதி கினுமதியெல்லாம் நான் பாத்துக்கறேன். பழந்தான் பறக்குது, பலகை பறக்காது. ஆனா ஒண்ணு, அவ வந்து சந்தையில எல்லார் முன்னாலயும் மனசாரக் குடுக்கணும்.”

ஊர் கரியபெருமாளின் கல்லைச் சுற்றிக் கூடியது. திரும்பி வந்த பழங்களால் ஊரே களவாளியாகிவிட்டதே என்று எல்லோரும் புலம்பினார்கள். மரத்தைக் கொடுப்பதற்கும் அவர்களிடம் முறை உண்டு. மரத்தடி மண்ணில் ஒரு பிடியை இலையில் பொதிந்து, பெறுபவர் காலடியில் இறக்கி வைக்க வேண்டும். வைத்தால் வேரோடு கொடுத்ததாகும்.

“அந்த மரம் இல்லன்னா மழைக்கு எம்புள்ளைங்க என்னாத்தத் திங்கும்?” என்று உருவி கேட்டாள். அவளுக்கு அந்த ஒரு மரம்தான். தாயியின் கொட்டைகள்தான் ஆடியிலிருந்து ஐப்பசி வரை அவள் அடுப்பில் வெந்தவை.

“எனக்கு மட்டும் தெரியாதா மவளே? எம்மரத்த எடுத்துக்கங்கன்னு சொல்லிப் பாத்தேன். உம்மரந்தான் நேரா வளந்துருக்குதாம்.”

“வளையாம வளந்தது அது தப்பா?”

“எறக்கி வெச்சது எறக்கி வெச்சதுதான்” என்று குள்ளப்பன் தரையைப் பார்த்துச் சொன்னார். சடையன் எழுந்து போய்த் தாயியின் அடியில் நின்று, அதன் பட்டையைத் தடவிவிட்டு, தேக்கிலையொன்றைப் பறித்து வந்து மனைவியிடம் கொடுத்தான்.

சந்தையன்று ஊரே இறங்கியது, இருந்த பழங்களெல்லாம் தலையிலிருக்க. நாகலிங்கம் பட்டுத்துண்டு போர்த்து நாற்காலியில் அமர்ந்திருந்தார். கல்யாண மாதம், பட்டணத்து வியாபாரிகள் பழத்துக்கு நெருக்கிக்கொண்டிருந்தார்கள். பின்னால் வெற்று லாரி வாயைத் திறந்து நின்றது. பழங்கள் வாசல் நிறைய இறங்கின. கடைசியாக உருவி முன்னால் வந்து, இலைப்பொதியை அவர் காலடியில் இறக்கி வைத்தாள்.

“நல்லது. இப்ப சொல்லு. மனசாரக் குடுத்தேன்னு சொல்லு.”

உருவி வாயைத் திறந்தாள். சொல் வரவில்லை. மறுபடி திறந்தாள். அப்போது அவள் பார்வை வாசலில் கிடந்த பழங்களின் மேல் சென்றது. அவை ஏற்கெனவே தரையை விட்டு ஒரு விரற்கடை எழும்பி, பால்வேளையில் கட்டுத்தறியை இழுக்கும் கன்றுகளைப்போல மலைப்பக்கமாக மூக்கை நீட்டி அசைந்துகொண்டிருந்தன, அவற்றைச் சுற்றி ஒரு மனிதர்கூட அசையாமல், தலைகுனிந்து, வைத்த இடத்தில் வைத்தபடி நின்றுகொண்டிருந்தார்கள். இதைக் கண்டதும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. முதலில் மூக்கில் வந்தது, பிறகு வயிற்றில் வந்தது, பிறகு உடம்பெல்லாம் குலுங்க, கண்ணில் நீர் தளும்ப, இடுப்பைப் பிடித்துக்கொண்டு அவள் சிரித்தாள். சிரிப்பின் நடுவிலேயே குனிந்தாள். குனிந்து, இறக்கி வைத்த இலைப்பொதியைத் தூக்கிக்கொண்டாள்.

“வரல” என்றாள்.

“என்னா வரல?”

“மனசு. மனசு வரல மண்டிக்காரரே. தரமாட்டேன்.”

மலைக்காரர் ஒருவர் சந்தையில் அந்தச் சொல்லைச் சொல்லி யாரும் கேட்டதில்லை. சொல்லிய கணத்தில், அதற்குள் ஆளுயரத்துக்கு எழும்பிவிட்டிருந்த பழங்கள் அத்தனையும் தொம், தொம், தொம்மென்று தரையில் விழுந்தன. ஒன்று லாரியின் முன்விளக்கை நசுக்கியது, ஒன்று நாகலிங்கத்தின் நாற்காலிக் காலை முறித்தது. எல்லோரும் நடுங்கி, பெருமாளின் சினம் எப்படி இறங்கப்போகிறதோ என்று மலையுச்சியை நோக்கினார்கள். அங்கே ஒரு வெள்ளை மேகம், வேலையற்றதாக, பக்கவாட்டில் போய்க்கொண்டிருந்தது. வேறொன்றும் நடக்கவில்லை.

முதலில் குனிந்தவர் குள்ளப்பன்தான். சுடுகலத்தைத் தொடுவதுபோலத் தம் பழத்தை விரலால் தொட்டார், சுடவில்லை. பழம் அசையவுமில்லை, அது பழைய கனத்துக்கே வந்துவிட்டிருந்தது. முக்கித் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, “ஐயோ, கனக்குதே! நல்லா கனக்குதே!” என்று குழந்தைபோலக் கூவினார். அடுத்து ஒருத்தி தூக்கினாள், அடுத்து ஒருவன், அடுத்து சடையன் இரண்டைத் தூக்கினான், வாசல் காலியாயிற்று, பச்சையும் மஞ்சளுமான முள்தோல்களின் நீண்ட வரிசையொன்று மனிதக் கால்களில் நடந்து சந்தையைக் கடந்து மலைப்பாதையில் ஏறத் தொடங்கியது, ரகமத்து பீவி கடைமேல் ஏறி நின்று கைதட்டினாள்.

“அழுகிப்போகும்! எவ்வளவு தூரம் தூக்குவீங்க? ஏ, நில்லுங்க!” என்று கத்திக்கொண்டு நாகலிங்கம் பின்னால் ஓடிவந்தார். முதல் திருப்பத்தில் விலையைக் கொஞ்சம் உயர்த்தினார். ஒருவரும் திரும்பவில்லை. மூங்கில் புதரடியில் இன்னும் உயர்த்தினார், அங்கே ஒரு செருப்புப் போயிற்று. ஓடைக்கருகில் அதைவிட உயர்த்தினார், அங்கே பட்டுத்துண்டு முள்ளில் மாட்டிக்கொண்டது. சுமையின் கனத்தில் கழுத்து நரம்பு புடைக்க, வியர்வை கண்ணில் இறங்க, மலைக்காரர்கள் சிரித்துக்கொண்டே ஏறினார்கள். வாழ்நாளில் அவர்கள் ஏற்றத்தில் சுமை தூக்கியதில்லை, தூக்க முடியும் என்று நினைத்ததும் இல்லை.

“மூச்சச் சேத்து வெய்யுங்க மண்டிக்காரரே, இன்னும் பாதி மலை இருக்குது!”

“தண்ணி குடிக்கிறீங்களா? சும்மாதான், வெல சொல்ல மாட்டோம்!”

“பாத்து, பாத்து! அங்கதான் எங்க மாமனாரு உருண்டாரு!”

அவர் மேல்சுனைக்கு வந்து சேர்ந்தபோது வெறுங்காலோடு, திருநீறெல்லாம் வியர்வையில் கரைந்து, தாயியின் நிழலில் மல்லாந்து விழுந்தார். அத்தனை வருடம் அந்த மலையின் பழத்தை விற்றவர், அந்த மலையில் கால்வைத்தது அன்றுதான். உருவி இலைப்பொதியை அவிழ்த்து மண்ணை மரத்தடியிலேயே கொட்டி, காலால் மிதித்து அழுத்தினாள். பிறகு ஒரு பழத்தை அறுத்து, சுளையெடுத்து, கொட்டை நீக்கி, அவர் கையில் வைத்தாள்.

“இது மனசாரத்தான். தின்னுங்க.”

அவர் தின்றார். மறுபடி கையை நீட்டினார். மூச்சு ஒருநிலைக்கு வந்ததும், நேராக வளர்ந்து நிற்கும் அந்த மரத்தை நிமிர்ந்து பார்த்தார், வந்த பாதையை எட்டிப் பார்த்தார், வெடித்திருந்த தம் குதிகாலைப் பார்த்தார். பட்டணத்தில் தமக்குக் கிடைப்பதில் சரிபாதியை விலையாகச் சொன்னார். இரைந்து சொல்லும்படி உருவி கேட்டாள். இரைந்து சொன்னார். பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு தலையசைத்தார்கள். சடையன் நல்ல பழமாகப் பார்த்து அவர்முன் உருட்டிவிட்டான்.

நாகலிங்கம் காசைக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். யாரும் எழுந்திருக்கவில்லை.

“சரி, கீழ யார் தூக்கிட்டு வர்றது?”

“வாங்குனவங்க” என்றாள் உருவி.

அவர் எழுந்து, பழத்தை இருகையாலும் பற்றி, ஒருமுறை வானத்தைப் பார்த்து, ஏதோ ஒரு நம்பிக்கையோடு, லேசாக மேல்நோக்கித் தள்ளிப் பார்த்தார். ஒரு மயிரிழையும் எழும்பவில்லை. முக்கி முனகி அதைத் தலைமேல் ஏற்றிக்கொண்டு பாதையில் முதலடி வைத்தார். மேல்சுனை முழுவதும் சிரித்தது, அவருக்கும் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. சிரித்தால் சுமை சாய்கிறதென்று சிரிப்பை அடக்கி, அடக்க முடியாமல் மறுபடி சிரித்து, ஆடியாடி இறங்கிப் போனார்.